சிறுகோளுக்குப் பெயரிடுதலும் தமிழ் அறிவியல் புனைகதையும்: சுஜாதாவை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைகதை எழுத்தாளர்களுக்கும் அக்கதைகளில் நடித்த கலைஞர்களுக்கும் சிறுகோள்களின் பெயரால் சிறப்புச் செய்யும் வழக்கம் உலக அளவில் நிலைபெற்றுள்ளது. தமிழ் அறிவியல் புனைகதையின் முதன்மைப் படைப்பாளியாகிய சுஜாதாவுக்கும் அத்தகைய சிறப்பு வேண்டும் என்னும் கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பெயரிடும் விதிமுறைகள், சென்னையிலும் காவலூரிலும் கண்டறியப்பட்ட சிறுகோள்களின் பெயர்கள், தமிழரின் நடுகல் மரபு, சுஜாதாவின் புதினங்களில் பெயரும் எண்ணும் பெறும் இடம் ஆகியவை இங்கே ஒன்றோடொன்று இணைத்து நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுகோள், பெயரிடல், சுஜாதா, அறிவியல் புனைகதை, நடுகல், காவலூர்

முன்னுரை

திருச்சிராப்பள்ளிப் புத்தூரிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் ஸ்ரீரங்கம். எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதா 1935-இல் சென்னையில் பிறந்தாலும், பாட்டியின் வீட்டில் வளர்ந்ததும் பள்ளியில் படித்ததும் அந்தத் தீவில்தான். இயற்பியல் பயின்றது ஆற்றின் இக்கரையில் உள்ள புனித வளனார் கல்லூரியில். பின்னர்ச் சென்னையில் மின்னணுவியல் கற்றுப் பெங்களூருவின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்தார். இவ்வட்டாரத்து மாணவரிடையே அறிவியல் புனைகதை பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் எழுவதை இக்கட்டுரையாளர் கண்டிருக்கிறார். ஐசக் அசிமோவுக்கும் ஆர்தர் கிளார்க்குக்கும் வானத்தில் பெயர் உண்டே, சுஜாதாவுக்கு ஏன் இல்லை என்பதே அவ்வினா. அதில் ஊர்ப்பற்றும் ஆதங்கமும் கலந்திருப்பது உண்மை. எனினும் அதை வெறும் ஆதங்கமாகத் தள்ளிவிடுவதற்கில்லை. ஒரு மொழியின் இலக்கியம் உலகப் பதிவேடு ஒன்றில் எவ்வாறு இடம்பெறுகிறது, யார் முயற்சியால் இடம்பெறுகிறது என்பதை அவ்வினா தொடுகிறது.

பெயர் பெறும் வழி

புதிதாகக் காணப்படும் சிறுகோளுக்கு முதலில் ஆண்டும் எழுத்தும் சேர்ந்த தற்காலிகக் குறியீடு ஒன்று கிடைக்கிறது. பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் நோக்கப்பட்டு அதன் பாதை ஐயமின்றி நிறுவப்பட்ட பிறகே நிலையான எண் வழங்கப்படும். எண் பெற்ற பின் பத்தாண்டுக் காலம் பெயரை முன்மொழியும் உரிமை கண்டறிந்தவருக்கு உண்டு. உலகளாவிய வானியல் ஒன்றியத்தின் பெயரிடல் குழு அதனை ஏற்க வேண்டும். பெயர் பதினாறு எழுத்துருக்களுக்கு மேற்படலாகாது. கூடியவரை ஒரே சொல்லாக, ஒலிக்கத்தக்கதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயரை மிகவும் ஒத்திருத்தலும் கூடாது. வணிகப் பெயர்களுக்கு இடமில்லை. அரசியலாலோ போராலோ முதன்மையாக அறியப்பட்டவர் பெயரை அவர் இறந்து நூறாண்டு கழியும் வரை சூட்ட இயலாது. பணம் கொடுத்துப் பெயர் வாங்கவும் வழியில்லை. விண்மீனுக்கு உங்கள் பெயர் என்று சான்றிதழ் விற்கும் தனியார் கடைகளை ஒன்றியம் ஏற்பதில்லை. எண் பெற்ற சிறுகோள்கள் பல லட்சம். பெயர் பெற்றவை சுமார் 25 ஆயிரம்.

ஆகவே வானத்தில் இடப்பஞ்சம் இல்லை. கண்டறிந்தவரின் வாசிப்பும் விருப்பமும்தான் ஒரு பெயர் அங்கே ஏறுவதையும் ஏறாமற் போவதையும் தீர்மானிக்கின்றன. 4923 கிளார்க், 5020 அசிமோவ் ஆகிய இரண்டும் 1981 மார்ச் 2 அன்று ஷெல்ட் பஸ் என்பவரால் கண்டறியப்பட்டவை. 2001 என்ற எண் தமக்குக் கிடைக்கவில்லை, அது ஐன்ஸ்டைனுக்குப் போய்விட்டது என்று கிளார்க் வேடிக்கையாகக் குறைபட்டுக்கொண்டதுண்டு. ‘ரோபோ’ என்னும் சொல்லைத் தம் நாடகத்தின் வழியே உலகுக்கு அளித்த செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1931 என்ற எண்ணில் இருக்கிறார். அக்கோளைக் கண்டவர் செக் வானியலர் லூபோஷ் கொஹூதெக். க்ரிமியா ஆய்வகத்துச் சோவியத் வானியலர் ஸ்ட்ருகாட்ஸ்கி உடன்பிறப்புகளுக்கும் போலந்தின் லெம்முக்கும் இடம் தந்தனர். தாம் வாசித்தவர்களை அவர்கள் தம் வானத்தில் ஏற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான் செய்தி.

நடிகர்கள் வந்த கதை சற்று விநோதமானது. 1971-இல் ஜேம்ஸ் கிப்சன் கண்ட 2309-ஆம் சிறுகோள் ‘மிஸ்டர் ஸ்பாக்’ எனப் பெயர் பெற்றது. அப்பெயர் ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் பாத்திரத்துக்கு நேரடியாக இடப்பட்டதன்று. அப்பாத்திரத்தின் பெயரைத் தாங்கியிருந்த கிப்சன் வீட்டுப் பூனைக்கு இடப்பட்டது. இதன் பின்னரே வளர்ப்புப் பிராணிகளின் பெயரைத் தவிர்க்குமாறு ஒன்றியம் அறிவுறுத்தத் தொடங்கியது. ஸ்பாக்காக நடித்த லெனார்டு நிமாய் 2015 பிப்ரவரி 27 அன்று மறைந்த பிறகு, அதே ஆண்டில் 4864-ஆம் சிறுகோள் அவர் பெயரைப் பெற்றது. பூனைக்குப் பின்னர்தான் நடிகருக்கு முறை வந்தது. (சுஜாதா மறைந்ததும் ஒரு பிப்ரவரி 27 அன்றே, 2008-இல்.) அத்தொடரின் ஜார்ஜ் டக்கேய், நிஷெல் நிக்கோல்ஸ் ஆகியோருக்கும் கோள்கள் உண்டு. டக்கேய் உயிருடன் இருக்கும்போதே 2007-இல் அச்சிறப்பைப் பெற்றார்.

எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸுக்குக் கிடைத்ததைத்தான் இக்கட்டுரையாளர் இவற்றுள் மிகச் சிறந்த பெயரீடாகக் கருதுகிறார். அதன் தற்காலிகக் குறியீடு 2001 டிஏ42. அவர் மறைந்த ஆண்டு, அவர் பெயரின் முதலெழுத்துகள், அவருடைய புதினத்தில் பேரண்டத்தின் புதிருக்கு விடையாக வரும் எண் ஆகிய மூன்றும் ஒரே குறியீட்டில் வந்து நின்றன. யாரும் திட்டமிடாமல் பதிவேடு தானே எழுதிவைத்த வரி அது. யாரோ ஒருவர் அதைப் படித்துக் கண்டுகொண்டார். பெயரிடுதலிலும் வாசிப்பு என ஒன்று உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சென்னையும் காவலூரும்

இவ்வழக்கம் தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் அரசு வானியலராகப் பணியாற்றிய நார்மன் போக்சன் 1861-இல் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் என்பதால் அது 67 ஆசியா எனப்பட்டது. 1864-இல் அவர் கண்ட மற்றொன்றின் பெயர் 80 சாஃபோ, கிரேக்கப் பெண்பாற் புலவரின் பெயர். தமிழ்நாட்டிலிருந்து காணப்பட்ட கல் ஒன்று ஏறத்தாழ நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கவிஞரின் பெயரைத் தாங்கிவிட்டது. அப்பெயர் ஔவையாகவோ ஆண்டாளாகவோ இல்லாததற்குப் போக்சனைக் குறைகூற இயலாது. அவர் கற்ற கல்வியில் இருந்த கவிஞரை அவர் வைத்தார். அதே ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874-ஆம் ஆண்டு வெள்ளி இடைநகர்வைப் பொதுமக்களுக்கு விளக்கி நூல் எழுதியவர். பெயர் சூட்டும் நாற்காலியில் அவர் அமரவில்லை.

1885-இல் போக்சன் கண்ட 245 வேராவுக்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் இடைவெளி. பின்னர் ஜவ்வாது மலையின் காவலூரில், ‘கல்கி’ எனப் பெயரிட்ட தேடல் திட்டத்தின் கீழ், 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டார். அது 4130 ராமானுஜன் ஆயிற்று. திட்டத்தின் பெயரைக் கேட்கும் தமிழ் வாசகருக்கு வேறோர் எழுத்தாளர் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. ஆயினும் அங்கிருந்து பெயர் பெற்றவர்கள் அறிவியலாளர்கள். 8348 பட்டாச்சார்யா வானியலர் ஜே. சி. பட்டாச்சார்யாவின் பெயரையும், 7564 கோகுமேனன் இயற்பியலர் எம்.ஜி.கே. மேனனின் பெயரையும் கொண்டவை. அறிவியலர் அறிவியலரைப் போற்றுவது இயல்பே. ஆனால் செக் நாட்டவர் சாபெக்கை ஏற்றிய இடத்தில் நம்மவர் புனைகதையாளர் ஒருவரை ஏற்றவில்லை என்பதைத் திறனாய்வாளன் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும். நம் அறிவியலர் தமிழ்க் கதை படிக்கவில்லை என்று இதற்குப் பொருளாகாது. படித்ததைப் பணியிடத்துக்குக் கொண்டுவரலாம் என்னும் துணிவு நம் நிறுவனப் பண்பாட்டில் குறைவு. பூனையின் பெயரைக் கூட முன்மொழியும் உரிமையுணர்வு கிப்சனுக்கு இருந்தது.

பிற நாட்டவர் வழியாக வந்த பெயர்களும் உண்டு. ஜப்பானில் கென்சோ சுசுகி 1988-இல் கண்ட 4538-ஆம் சிறுகோள் 2015-இல் ‘விஷியானந்த்’ ஆனது. சென்னைச் சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்தின் பெயர் அது. இந்துஸ்தானி இசைக் கலைஞர் பண்டித ஜஸ்ராஜுக்கு 2019-இல் வழங்கப்பட்ட சிறுகோளின் எண் 300128. அவர் பிறந்த நாளைப் பின்னிருந்து படித்தால் வரும் எண். புதன் கோளின் பள்ளங்களுக்குக் கலைஞர் பெயரை இடும் மரபில் வால்மீகி, வியாசர், காளிதாசர் ஆகியோருடன் திருவையாற்றுத் தியாகராஜரும் 1976-இலேயே இடம்பெற்றுவிட்டார். காவிரிக் கரைக்கு வானத்தில் பங்கே இல்லை என்று சொல்வது சரியாகாது.

கல்லும் பெயரும்

தமிழ் மரபில் வானத்துக்குப் பெயரிடுதல் மனிதரை முற்றிலும் விலக்கியதன்று. தென்வானில் ஒளிரும் விண்மீனுக்கு அகத்தியர் பெயர் உண்டு. தமிழின் முதல் இலக்கண ஆசிரியராக மரபு போற்றும் ஒருவர் விண்மீனாகவே இருக்கிறார். ஆயினும் சிறுகோளுக்கு நெருங்கிய ஒப்புமை விண்மீனில் இல்லை, நடுகல்லில் இருக்கிறது. கல்லைக் காண்பது தொடங்கி அதனை வாழ்த்துவது வரையிலான ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. சிறுகோளுக்கும் காணுதல், பாதையை உறுதி செய்தல், எண் தருதல், பெயர் பொறித்தல், சில வரிகளில் பெருமை கூறுதல் எனப் படிநிலைகள் உள்ளன. ஒன்றியத்தின் ஏட்டில் ஒவ்வொரு பெயருடனும் வெளிவரும் சிறு குறிப்பு, நடுகல்லில் பொறிக்கப்படும் பெயரும் புகழும் போன்றதே. நடுகற்கள் செறிந்த செங்கம் வட்டாரம் காவலூர் அமைந்த ஜவ்வாது மலைக்கு அண்மையில்தான் உள்ளது.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. நடுகல் வழிப்போக்கர் கண்ணில் படும் இடத்தில் நின்றது. புத்தூரை ஒட்டிய உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்து நடுகல்லான பின்னரும், நண்பர் பொத்தியாருக்குத் தன்னருகில் இடம் தந்ததாகப் புறநானூறு கூறும். அக்கல் நட்புக்கு இடம் விடும் கல். சிறுகோளோ வெறுங்கண்ணுக்குப் புலப்படாதது. பெயர் பெற்றவரும் தம் கல்லைக் காண்பது அரிது. கண்ணுக்குத் தெரியப்போகும் அரிய ஒன்று 99942 அபோஃபிஸ். 2029 ஏப்ரல் 13 அன்று அது புவியின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 32 ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். எகிப்தியத் தொன்மத்துப் பாம்பின் பெயர் அது. கண்டறிந்த டேவிட் தோலனும் ராய் டக்கரும் ‘ஸ்டார்கேட்’ தொலைக்காட்சித் தொடரின் சுவைஞர்கள் என்பதால் அதன் கொடிய பாத்திரத்தையும் நினைவில் வைத்தே சூட்டியது. நல்லோர் பெயரெல்லாம் தொலைநோக்கிக்குள் இருக்க, அறிவியல் புனைகதையின் தீயோன் ஒருவன் பெயரே மக்கள் கண்முன் வரப்போகிறது.

நடிகர் என்றால்

தமிழ்த் திரையில் அறிவியல் புனைவுக்கு உரிய நடிகர் யார் என்ற வினாவுக்கு விடை எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. வேற்றுக்கோளினர் தம் உலகுக்கு இசை கற்பிக்கப் புவியிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டு செல்வதாக அமைந்த ‘கலை அரசி’ 1963-இல் வெளிவந்தது. ‘ஸ்டார் டிரெக்’ தொடங்கியது 1966-இல். பானுமதியும் எம்.ஜி.ஆரும் அதில் நடித்தனர். நிமாயை நோக்கிச் சென்ற அளவுகோலின்படி பார்த்தால் எம்.ஜி.ஆருக்கு உரிமை உண்டு. ஆனால் அரசியலால் முதன்மையாக அறியப்பட்டவர் என்று குழு கருதினால் 1987-இல் மறைந்த அவருக்கு 2087 வரை காத்திருப்பு. ‘முதன்மையாக’ என்ற சொல்லை எம்.ஜி.ஆர். விஷயத்தில் எவ்வாறு பொருள்கொள்வது? நடிப்பையும் ஆட்சியையும் பிரித்தறிய இயலாத ஒரு வாழ்வை அவ்விதி கற்பனை செய்யவில்லை. பானுமதிக்கு இத்தடையும் இல்லை. கதையில் வேற்றுக்கோளுக்குச் சென்றவரும் அவரே.

‘எந்திரன்’ நாயகரைப் பொறுத்தவரை ஒன்று மட்டும் கூறலாம். ஏற்கெனவே நட்சத்திரம் எனப் பட்டம் பெற்றவரைச் சிறுகோளாக்குவது பதவி உயர்வா, இறக்கமா என்பதை அவருடைய சுவைஞர்கள்தாம் சொல்ல வேண்டும்.

சுஜாதாவின் பெயரும் சுஜாதா வைத்த பெயர்களும்

சுஜாதாவுக்குச் சிறுகோள் வேண்டும் என்போர் முதலில் எதிர்கொள்ள வேண்டியது எந்தப் பெயரில் என்னும் வினா. ‘சுஜாதா’ அவர் மனைவியின் பெயர். அக்காலத்தில் எழுத்துலகில் ரா. கி. ரங்கராஜன் இருந்தமையால், பெயர் மயக்கத்தைத் தவிர்க்க மேற்கொண்ட புனைபெயர். ‘சுஜாதா’ என்று பதிவாகும் கல், எழுதாத ஒருவரின் பெயரையும் எழுதியவரின் புகழையும் ஒருங்கே சுமக்கும். ‘ரங்கராஜன்’ என்று பதிவானால் வாசகர் எவருக்கும் அடையாளம் தெரியாது. முதலெழுத்தைச் சேர்க்கும் தமிழ்ப் பழக்கம் பதிவேட்டுக்கு ஒவ்வாது. ‘கோகுமேனன்’ எவ்வாறு பிறந்தது என்று நோக்கினால் இது விளங்கும். கோவிந்த், குமார் என்னும் இரு பெயர்களின் தலைகளை வெட்டி ஒட்டியது அது. நன்னூலார் புணரியலில் காணாத புணர்ச்சி.

இங்கேதான் சுஜாதாவின் படைப்பு நம்மை நிறுத்துகிறது. ஆனந்த விகடனில் 1980-களில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’ 2021-ஆம் ஆண்டை ஒட்டிய எதிர்காலத்தில் நிகழ்வது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என மாந்தர் பெயர்கள் ஈரெழுத்தாகச் சுருங்கிக் கிடக்கின்றன. குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டிய ஆட்சி அது. மனிதனைப் பதிவேட்டின் ஒரு வரியாக்கும் அதிகாரத்தைப் பற்றியது அப்புதினம். பெயரின் குறுக்கம் அங்கே அழகுக்காக வந்ததன்று. ஆளப்படுவோர் எவ்வளவு சுருக்கப்பட்டுவிட்டனர் என்பதற்கான குறி. ‘திமலா’ என்னும் சிறுகதையிலும் இதே கவலை வேறு உருவில் வருகிறது. திருமலை என்ற பெயர் தேய்ந்து அத்தலைப்பாகிவிட்ட எதிர்காலம் அது. தலம் இருக்கிறது, பெயரின் பொருள் போய்விட்டது. மொழியில் நிகழும் இத்தகைய தேய்வைக் கூர்ந்து கவனித்த எழுத்தாளரின் பெயரை, எண்ணும் பதினாறு எழுத்துரு வரம்பும் உள்ள பட்டியலில் ஏற்ற விரும்புவோர் இம்முரணை உணர்ந்தே செய்ய வேண்டும்.

இதனால் அச்சிறப்பை மறுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. சுஜாதா பதிவேட்டை அஞ்சியவர் மட்டும் அல்லர், இயந்திரத்தை நேசித்தவரும் ஆவார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியில் ஒரு தலைமுறையின் அறிவியல் ஐயங்களுக்குத் தமிழில் விடை சொன்னார். இந்த நேசமும் ஐயமும் ஒருங்கே அமைந்த பாத்திரம் ஒன்றை அவரே படைத்திருக்கிறார்: இயந்திர நாய் ஜீனோ. நாயாகச் செய்யப்பட்டது, படித்துப் படித்துச் சிந்திக்கக் கற்று, அருகிலுள்ள மனிதரைவிடத் தெளிவாகப் பேசத் தொடங்குகிறது. அதன் பெயரால் ‘மீண்டும் ஜீனோ’ என அடுத்த புதினமும் எழுந்தது. ஆடம்ஸின் பாத்திரமான ஆர்தர் டென்டுக்கு 18610-ஆம் சிறுகோள் உண்டு. செயிண்ட்-எக்சுபெரியின் குட்டி இளவரசன் வாழ்ந்த பி612-க்கும் 46610 என்ற எண்ணில் ஒன்று உண்டு. பதினாறடிமான முறையில் பி612 என்பது பதின்ம முறையில் 46610 ஆதலால் அவ்வெண் தேர்ந்துகொள்ளப்பட்டது. ஆதலின் பாத்திரத்தின் பெயரைச் சூட்டுவதற்கு முன்மாதிரி தேட வேண்டியதில்லை. ‘சுஜாதா’வா, ‘ரங்கராஜன்’ஆ என்ற இடர்ப்பாடும் நீங்கும். என் தேர்வு ஜீனோ.

தடை வேறிடத்தில் உள்ளது. பெயருடன் வரும் குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்படுவது. குழுவினர் படிக்கக்கூடியதும் அதுவே. லெம்மையும் ஸ்ட்ருகாட்ஸ்கிகளையும் பிறமொழியினர் மொழிபெயர்ப்பில் படித்தறிவர். சுஜாதாவின் அறிவியல் புனைகதை தமிழுக்கு வெளியே அவ்வாறு பரவவில்லை. நம் ஆய்வேடுகள் அவருடைய நடையையும் பெண் பாத்திரங்களையும் அலசிய அளவுக்கு, ‘சொர்க்கத் தீவு’ முதல் ‘மீண்டும் ஜீனோ’ வரையிலான வரிசையை உலக அறிவியல் புனைகதையோடு வைத்து நோக்கவில்லை. முன்மொழிவோர் கையில் கொடுக்க நம்மிடம் நல்லதொரு கட்டுரை கூட அரிதென்றால், குறை குழுவினுடையதாகாது.

விதியைக் கூர்ந்து படிக்கும் உறுப்பினர் ஒருவர், நாயின் பெயர் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிய அறிவுறுத்தலுக்கு உட்படாதா என்று கேட்கவும் கூடும். கிப்சனின் பூனை விட்டுச்சென்ற தடை அது. அதற்கான விடை புதினத்திலேயே இருக்கிறது. ரவியின் நாயாக நிலாவின் வீட்டுக்குள் வரும் ஜீனோ, கதை முடியும்போது யாருடைய நாயாகவும் இல்லை.